கட்டைகளால் ஒரு மலை எஞ்சின்

(மாதேஸ்வரன் மலையில் நடைபெற்ற நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மைசூரிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கடந்து, கொண்டை ஊசி வளைவுகள் பலவற்றில் ஏறி, புலியை ஊர்தியாகக் கொண்ட மாதேசுவரன் கோயில் கொண்டிருக்கும் இம்மலையில் நாம் கூடியிருக்கின்றோம். இலக்கியத்திலும் இசையிலும் வல்லோர் பேசிச் சிறப்பித்த இவ்விழாவில், பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, புகைவண்டித் துறையில் எழுத்தராகக் காலந்தள்ளும் எனக்கும் அரைமணி நேரம் அளித்த விழாக் குழுவினருக்கு நன்றி செலுத்துகின்றேன். குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் அடுக்குக் கட்டைகளைக் கொண்டு ஒரு நீராவி எஞ்சினின் மாதிரியை வகுத்துக் கட்டுவது எப்படி என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். அம்மாதிரி இதோ என் முன் மேசைமேல் நிற்கின்றது.

"மலையில் வந்து புகைவண்டியைப் பற்றிப் பேசுவானேன்?" என்று சிலர் எண்ணலாம். இம்மலைக்கு எக்காலத்தும் புகைவண்டி வந்ததில்லை. மேற்கே சாமராஜநகரிலும், கிழக்கே தமிழ்நாட்டு எல்லைக்கப்பால் மேட்டூர் அணையிலும் தண்டவாளம் நின்றுவிடுகின்றது. அதனாலேயே இங்கே இப்பொருளைப் பேசுவது பொருத்தம் என்று கருதுகின்றேன். மலையில் ஏறுவது எவ்வளவு கடினம் என்பதை இன்று காலை நம் பேருந்தின் உறுமலில் எல்லோரும் கேட்டோம். இக்கடினத்தை நீராவியால் வென்ற எஞ்சின் ஒன்று நமக்கு அண்மையிலேயே, நீலகிரியில், இன்றும் ஓடுகின்றது. அதைத்தான் நானும், நமது சங்கத்துக் குழந்தைகள் பன்னிருவரும், எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டினோம்.

முதலில் கட்டைகளைப் பற்றிச் சில சொற்கள். கையால் பூட்டிக் கட்டும் விளையாட்டுப் பொருள்கள் புதியன அல்ல. இங்கிலாந்தில் லிவர்ப்பூல் நகரத்தவரான பிராங்க் ஹார்ன்பி என்பவர் 1901-இல் துளையிட்ட உலோகப் பட்டைகளுக்குக் காப்புரிமை பெற்றார். அவையே பின்னர் மெக்கானோ என்னும் பெயரில் உலகெங்கும் பரவின. டென்மார்க்கில் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்தியான்சன் என்ற தச்சர் 1932-இல் தொடங்கிய மர விளையாட்டுப் பட்டறையே பின்னர் லெகோ ஆயிற்று. மேலே குமிழும் உள்ளே குழலுமாக, ஒன்றை ஒன்று இறுகப் பற்றும் இன்றைய கட்டைக்கு அவர்கள் விண்ணப்பித்த காப்புரிமை 1958 ஜனவரி 28-ஆம் நாளுக்குரியது. 1966-இல் இக்கட்டைகளோடு இணைந்து ஓடும் சிறு புகைவண்டிகளும் வந்தன.

இக்கட்டையின் பெருமை அதன் அளவில் இருக்கின்றது. ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் இடையே சரியாக 8 மில்லிமீட்டர். ஒரு கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். மூன்று தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஒரு கட்டை. ஆகவே ஒரு தட்டின் கனம் 3.2 மில்லிமீட்டர். ஐந்து தட்டுகளின் உயரம் இரு குமிழ்களின் அகலத்திற்குச் சமம். இக்கணக்கு என்றும் மாறாது. எட்டுக் குமிழ்களையுடைய ஒரே நிறக் கட்டைகள் ஆறினை மட்டும் எடுத்துக்கொண்டு அவற்றைப் பூட்டும் வகைகளை எண்ணிய கணித அறிஞர்கள், 91 கோடியே 51 இலட்சத்துச் சொச்சம் என்று விடை கண்டனர். ஆறு கட்டைகளுக்கே இவ்வளவு என்றால், ஆயிரம் கட்டைகளைக் குவித்து வைத்துக்கொண்டு அதில் ஓர் எஞ்சினை மட்டும் கண்டெடுப்பதற்கு ஒரு வழிகாட்டி வேண்டும். அந்த வழிகாட்டியே அளவு.

இனி எஞ்சினுக்கு வருவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலான மலைப்பாதை 1899 ஜூன் 15 அன்று திறக்கப்பட்டது. 1908-இல் அது உதகை வரை நீண்டது. மொத்தம் 46 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் புறப்படும் வண்டி 2,203 மீட்டர் உயரத்திற்கு ஏறுகின்றது. 208 வளைவுகளும் 16 குகைகளும் 250 பாலங்களும் இதில் உள்ளன. கல்லாறு தொடங்கிக் குன்னூர் வரை ஏற்றம் மிகக் கடுமையானது. 12 அடி சென்றால் ஓரடி உயரும் இடங்கள் உண்டு. பம்பாயிலிருந்து புனே செல்லும் பெரும்பாதையின் போர்க்காட் மலையேற்றம் புகழ்பெற்றது. ஆயினும் அங்கே 37 அடிக்கு ஓரடியே ஏற்றம். பன்னிரண்டுக்கு ஒன்று என்றால் வழவழப்பான இரும்புச் சக்கரம் வழவழப்பான தண்டவாளத்தில் வழுக்கும். ஆகவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவில் பற்கள் கொண்ட இரும்புச் சட்டத்தைப் பதித்து, எஞ்சினின் அடிவயிற்றில் பற்சக்கரத்தைப் பொருத்தி, பல்லோடு பல் கவ்வி ஏறச் செய்தனர். சுவிட்சர்லாந்தின் ரோமன் ஆப்ட் என்னும் பொறியாளர் 1882-இல் கண்ட முறை இது.

இப்பாதையின் எக்ஸ் வகுப்பு எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலையில் 1914 முதல் 1925 வரை பன்னிரண்டும், 1952-இல் ஐந்தும் உருவாயின. எட்டு இயங்கு சக்கரங்கள். பின்னே இரு தாங்கு சக்கரங்கள். தண்ணீரையும் எரிபொருளையும் தானே சுமக்கும் உடல். ஏற்றத்தில் எஞ்சின் வண்டியை முன்னின்று இழுப்பதில்லை. பள்ளத்துப் பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளிச் செல்லும். பெட்டிகள் பின்னோக்கி உருளாவண்ணம் காவல் நிற்கும் பணியும் அதற்கு உண்டு. 2005-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு இப்பாதையை உலக மரபுச் சொத்தாக அறிவித்தது.

இவ்வெஞ்சினுக்கென்று கட்டைப் பெட்டி எதுவும் கடையில் விற்பதில்லை. எனவே நாமே வகுக்க வேண்டும். வகுப்பதன் முதற்படி, அசலுக்கும் மாதிரிக்கும் உள்ள விகிதத்தை உறுதி செய்வது. கட்டை வண்டியின் தண்டவாள இடைவெளி 37.5 மில்லிமீட்டர். நீலகிரிப் பாதை மீட்டர் பாதை. அதன் இடைவெளி 1,000 மில்லிமீட்டர். இரண்டையும் வகுத்துப் பாருங்கள். எண்பதுக்கு மூன்று என்று மீதமின்றி வருகின்றது. அசலில் 80 அங்குலம் இருப்பது மாதிரியில் 3 அங்குலம். அகலப் பாதையாயின் 1,676 மில்லிமீட்டர். அப்போது விகிதம் ஏறத்தாழ நாற்பத்தைந்தில் ஒன்றாகி, எஞ்சின் மிகச் சிறுத்துவிடும். மீட்டர் பாதை எஞ்சினைத் தேர்ந்தால் உறுப்புகளைக் காட்டப் போதிய இடம் கிடைக்கின்றது.

இவ்விகிதத்தில் ஒரு குமிழின் அகலம் அசலில் 213 மில்லிமீட்டர் ஆகும். இது ஏறத்தாழ நம் முன்னோர் கையால் அளந்த ஒரு சாண். "எண்சாண் உடம்பு" என்பது நம் வழக்கு. எட்டுக் குமிழ்களின் நீளம் 64 மில்லிமீட்டர்; அதை எண்பதால் பெருக்கி மூன்றால் வகுத்தால் 1,707 மில்லிமீட்டர், அதாவது ஐந்தடி ஏழு அங்குலம். நன்கு வளர்ந்த ஓர் ஆளின் உயரம் அதுவே. இதைக் கண்டபின் எங்கள் வேலை எளிதாயிற்று. எஞ்சினின் அருகே ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கும் பக்கவாட்டு ஒளிப்படம் கிடைத்தால் போதும். அவரை எட்டுச் சாணாகக் கொண்டு, புகைபோக்கி எத்தனைச் சாண், தண்ணீர்த் தொட்டி எத்தனைச் சாண் என்று குழந்தைகள் படத்தின்மேல் கோடிட்டு எண்ணினர். சாண் எண்ணிக்கையே குமிழ் எண்ணிக்கை. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு கட்டத்திற்கு ஒரு குமிழ் என்று வரைந்ததும் எஞ்சினின் உருவம் தாளில் எழுந்தது. கடையில் விற்கும் லெகோ பொம்மை மனிதர் 40 மில்லிமீட்டர் உயரமே. இவ்விகிதத்தில் அவர் மூன்றரை அடிச் சிறுவன் ஆகிவிடுவார். ஆகவே எங்கள் டிரைவரையும் பயர்மேனையும் கட்டைகளாலேயே எண்சாணுக்குச் செய்தோம்.

அடுத்தது சக்கரமும் வளைதண்டும். நீராவி எஞ்சினில் வலப்புற உருளைக்கும் இடப்புற உருளைக்கும் வளைதண்டுகள் ஒன்றுக்கொன்று கால் வட்டம் விலகியிருக்கும். அதன் காரணம் அறியத்தக்கது. பிஸ்டன் ஒரு முனையை எட்டி நிற்கும்போது, எவ்வளவு ஆவி அழுத்தினாலும் அதனால் சக்கரத்தைச் சுழற்ற இயலாது. அது செயலற்ற நிலை. இருபுறமும் ஒரே நேரத்தில் அந்நிலை அடைந்தால் வண்டி அசையாது. ஒன்று செயலற்று நிற்கும்போது மற்றொன்று முழு வலிமையோடு தள்ள வேண்டும். இதற்காகவே அந்தக் கால் வட்ட விலக்கு. லெகோ கட்டைகளில் அச்சுத்தண்டின் வெட்டுமுகம் சிலுவை வடிவானது. சக்கரத்தை நான்கு நிலைகளில் மட்டுமே அதில் செருகலாம். ஒவ்வொன்றும் கால் வட்டம் தள்ளியது. பட்டறையில் நுட்பமாக அளந்து செய்யும் வேலையை, இவ்வச்சு ஓர் எட்டு வயதுச் சிறுமியின் கையில் தானே செய்து கொடுக்கின்றது. சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றி, "இந்தப் பக்கம் தூங்குது, அந்தப் பக்கம் வேலை செய்யுது" என்று அவள் சொன்னபோது, நீண்ட விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

வளைவு ஒரு தொல்லை. கட்டைத் தண்டவாள வளைவின் ஆரம் 40 குமிழ், அதாவது 320 மில்லிமீட்டர். நம் விகிதத்தில் அஃது அசலில் எட்டரை மீட்டர். நீலகிரியின் மிகக் கூரிய வளைவுகளே ஏறத்தாழ 100 மீட்டர் ஆரமுடையவை. எட்டுச் சக்கரங்களும் ஒரே சட்டத்தில் இறுகியிருக்கும் எஞ்சின் அவ்வளவு நெருங்கிய வளைவில் திரும்பாது. இதற்கு அசல் எஞ்சின்களைக் கட்டியவர்களே வழி காட்டியிருக்கின்றனர். நீண்ட எஞ்சின்கள் சிலவற்றில் நடுச் சக்கரங்களுக்குத் தண்டவாளத்தைப் பிடிக்கும் விளிம்பு வைக்காமல் விடுவதுண்டு. அவை தண்டவாளத்தின்மேல் பக்கவாட்டில் சிறிது நகர்ந்து கொடுக்கும். நாங்களும் முதலிலும் கடைசியிலும் விளிம்புள்ள சக்கரங்களும், நடுவே இரு வரிசை விளிம்பற்ற சக்கரங்களும் வைத்தோம்.

பற்சட்டத்திற்கு வருவோம். கட்டைகளில் 32 மில்லிமீட்டர் நீளத்தில் பத்துப் பற்களுள்ள சட்டம் கிடைக்கின்றது. பல்லுக்குப் பல் 3.2 மில்லிமீட்டர். ஆப்ட் முறையில் இரு சட்டங்கள் அருகருகே, ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் வருமாறு பதிக்கப்பட்டிருக்கும். எந்நேரமும் ஒரு பல்லேனும் முழுமையாகக் கவ்வியிருப்பதற்கான ஏற்பாடு அது. மாதிரியில் அவ்வாறு செய்ய ஒரு சட்டத்தை அரைப் பல், அதாவது 1.6 மில்லிமீட்டர் தள்ள வேண்டும். கட்டைகள் எளிதில் அனுமதிக்கும் மிகச் சிறிய நகர்வோ அரைக் குமிழ், 4 மில்லிமீட்டர். அது ஒன்றேகால் பல். எனவே ஒற்றைச் சட்டத்தோடு நிறுத்திக்கொண்டோம். மாதிரி கட்டுவோன் எதைச் சேர்ப்பது என்று எண்ணுவதைவிட, எதை விடுவது, எக்காரணத்தால் விடுவது என்று எண்ணுவதே மிகுதி. விட்டதன் காரணத்தைச் சொல்லத் தெரிந்த குழந்தை அசலையும் அறிந்துகொண்டுவிட்டது.

ஏற்றத்தின் சரிவும் கட்டைக் கணக்கில் அழகாக அடங்குகின்றது. ஒரு நேர்த் தண்டவாளத் துண்டு 16 குமிழ் நீளம், 128 மில்லிமீட்டர். துண்டுக்கு ஒரு கட்டை உயரம் ஏற்றினால் பதின்மூன்றேகாலுக்குச் சற்று மிகுதியான நீளத்திற்கு ஒன்று என்ற சரிவு கிடைக்கின்றது. நீலகிரியின் பன்னிரண்டுக்கு ஒன்றிற்கு மிக அருகில். இதோ மேசைமேல் ஆறு துண்டுகளில் ஆறு கட்டை உயரம் ஏறியிருக்கின்றது. பற்சட்டத்தை எடுத்துவிட்டு எஞ்சினை விடுகின்றேன். பாருங்கள், கீழே உருண்டு வருகின்றது. சட்டத்தைப் பதித்து மின்கலத்தை இணைக்கின்றேன். ஒவ்வொரு பல்லாகக் கவ்வி ஏறுகின்றது. பள்ளிப் புத்தகத்தில் உராய்வு என்று ஒரு பாடம் உண்டு. அதைப் படித்த பிள்ளைகள் இதைப் பார்த்தபின் மறுமுறை படித்தனர்.

இவ்வெஞ்சினின் தனிச்சிறப்பு அதன் நான்கு உருளைகள். பக்கத்திற்கு இரண்டு, ஒன்றன்மேல் ஒன்று. சமதளத்தில் கீழ் உருளைகள் மட்டும் வேலை செய்து சக்கரங்களைச் சுழற்றும். பற்சட்டப் பகுதி வந்ததும், கீழ் உருளையில் உயர் அழுத்தத்தில் உழைத்து வெளிவரும் ஆவி வீணே போகாமல் மேல் உருளைக்குச் சென்று, அங்கே தாழ் அழுத்தத்தில் மீண்டும் உழைத்துப் பற்சக்கரத்தைச் சுழற்றும். ஒரே ஆவிக்கு இருமுறை வேலை. மேல் உருளையின் விசை இடையே பல்லிணைப்பு வழியாகச் செல்வதால், மேல் தண்டுகள் கீழ்த் தண்டுகளுக்கு எதிர்த்திசையில் விரைந்து சுழலும். பார்ப்பவர்க்கு அது வியப்பு. எங்கள் மாதிரியில் ஒரு சிறு பற்சக்கரமும் ஒரு பெரிய பற்சக்கரமும் ஒன்றையொன்று தொட்டுச் சுழலும்போது அவ்வியப்பு தெளிவாகிவிடுகின்றது.

அன்பர்களே, இதுவரை மாதிரியில் உள்ளதைச் சொன்னேன். இனி, இல்லாததைச் சொல்ல வேண்டும். இதன் வயிற்றில் நெருப்பு இல்லை, தண்ணீர் இல்லை, ஆவி இல்லை. ஒரு சிறு மின்மோட்டார் இருக்கின்றது. ஆகவே இந்த எஞ்சினில் நிற்கும் பயர்மேனுக்கு வேலை இல்லை.

என் தந்தையார் மீட்டர் பாதையில் பயர்மேனாக இருந்தவர். என் மகள் ஒருநாள், "தாத்தா ரயிலில் என்ன வேலை பார்த்தார் அப்பா?" என்று கேட்டாள். "கரி அள்ளிப் போட்டார்" என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அஃது உண்மையாகாது. கரியை எங்கே மெல்லியதாக, எங்கே கனமாகப் பரப்புவது, எப்போது போடாமல் இருப்பது, ஏற்றம் வருமுன் எவ்வளவு ஆவி சேர்த்து வைப்பது என்பதெல்லாம் ஒரு கலை. உருளையில் உழைத்த ஆவி புகைபோக்கி வழியே சீறும்போது நெருப்புக்கு வேண்டிய காற்றையும் இழுத்துக்கொண்டு செல்லும். எஞ்சின் உழைக்க உழைக்கத் தன் நெருப்பைத் தானே ஊதிக்கொள்ளும். அந்த மூச்சின் ஓசையைக் கொண்டே நெருப்பின் நிலையை அறிபவர் என் தந்தையார். அவர் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை; நாங்களும் கேட்டு வைக்கவில்லை. அக்காலத்தில் வீட்டுக்கு வீடு பயர்மேன் இருந்தார்; யாரும் அதை ஒரு செய்தியாக நினைக்கவில்லை.

மாதிரியில் ஓட்டுநர் அறை கட்ட வேண்டிய கட்டத்தில், எங்கள் தெருவில் வாழ்ந்த ஓய்வுபெற்ற எஞ்சின் டிரைவர் ஒருவர், எண்பது வயதைக் கடந்தவர், ஒரு ஞாயிறன்று குழந்தைகளின் சத்தம் கேட்டு உள்ளே வந்தார். எஞ்சினைக் கையில் எடுத்தார். சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு, "கண்ணுகளா, தண்ணிக் கண்ணாடி எங்கே வைக்கப் போறீங்க?" என்று கேட்டார். குழந்தைகள் விழித்தனர். அவர் தரையில் அமர்ந்து சொல்லத் தொடங்கினார்.

கொதிகலனில் தண்ணீர் எவ்வளவு இருக்கின்றது என்பதைக் காட்டும் கண்ணாடிக் குழாய் அது. நெருப்புப் பெட்டியின் மேல்தகடு எப்போதும் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். தண்ணீர் குறைந்து தகடு வெளிப்பட்டால், அது பழுக்கக் காய்ந்து, வலுவிழந்து, ஆவியின் அழுத்தத்தில் கிழியும்; அறையில் நிற்பவர் பிழைப்பது அரிது. எனவே அத்தகட்டில் ஈயம் அடைத்த ஓர் ஆணியும் இருக்கும்; சூடு மிகுந்தால் ஈயம் உருகி, ஆவி நெருப்பின்மேல் பாய்ந்து எச்சரிக்கும். சமதளத்தில் கண்ணாடி காட்டுவதை நம்பலாம். மலையில் கொதிகலனே சாய்ந்து நிற்பதால் தண்ணீர் ஒருபுறம் ஒதுங்கும். ஏறும்போது கண்ணாடியில் நிறையத் தெரிந்த தண்ணீர், உச்சி கடந்து இறங்கும்போது காணாமற்போகும். "கண்ணாடி பொய் சொல்லாது கண்ணு. ஆனா அது எந்தச் சரிவிலே நின்னு சொல்லுதுன்னு நீதான் பார்க்கணும்" என்றார் அவர்.

அன்று முதல் அவர் பதினொரு ஞாயிறுகள் வந்தார். அவர் சொன்ன சொற்களைக் குழந்தைகள் ஒரு நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டனர். அவர்களில் நால்வருக்குத் தமிழ் பேசத் தெரியுமேயன்றி எழுதத் தெரியாது. கன்னடமும் ஆங்கிலமும் மட்டுமே பள்ளியில் கற்றவர்கள். தாத்தா சொல்வது தவறிவிடக் கூடாதே என்ற அவசரத்தில் அவர்கள் எழுத்தைக் கற்றுக்கொண்டனர். நோட்டில் ஐம்பத்தெட்டுச் சொற்கள் சேர்ந்தன. ஓட்டுநர் அறையில், ஒரு குமிழ் அகலமுள்ள ஒளி ஊடுருவும் கட்டை ஒன்று நிற்பதைப் பிறகு அருகில் வந்து பாருங்கள். அதுவே தண்ணிக் கண்ணாடி. சென்ற தை மாதம் அப்பெரியவர் காலமானார். நோட்டு இருக்கின்றது.

இந்நாட்டில் சித்தரஞ்சன் தொழிற்சாலை 1950-இல் நீராவி எஞ்சின் கட்டத் தொடங்கி 1972-இல் நிறுத்தியது. 1995 டிசம்பர் 6 அன்று அகலப் பாதையில் அன்றாட நீராவி ஓட்டம் முடிவுற்றது. சில ஆண்டுகளில் மீட்டர் பாதையிலும் முடிந்தது. 1970-இல் இருபது வயதில் ஷெட்டில் சேர்ந்த இளைஞர் இன்று எழுபதைக் கடந்தவர். நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைப் புரட்டினால் அத்தகையோர் சிலர் இருக்கின்றனர். 1951-இல் மைசூர் அரசு இரயில்வேயும் வேறு இரு இரயில்வேக்களும் தென்னக இரயில்வேயாக இணைந்தபின், மாற்றலாகி வந்த குடும்பங்கள் நம்மிடையே பல. இன்னும் பத்து ஆண்டுகள் கழித்து இவ்வறிவைக் கேட்க நாம் எங்கே செல்வோம்?

திருச்சிப் பொன்மலைப் பட்டறையை இவ்விடத்தில் நினைத்துக்கொள்வது நல்லது. 1928 முதல் இயங்கும் அப்பட்டறை, நீலகிரிக்காகச் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த எஞ்சின்கள் முதுமை அடைந்தபோது, 2010-க்குப் பிந்திய ஆண்டுகளில் அதே எக்ஸ் வகுப்பு எஞ்சின்களைப் புதிதாகவே கட்டியது. நீராவி போய்விட்டது என்று உலகம் சொன்ன பிறகு, தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் புது நீராவி எஞ்சின் கட்டினர். எப்படி முடிந்தது? பழைய எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் வேலை அங்கே நிற்கவில்லை. கையிலிருந்து கைக்கு அறிவு சென்றுகொண்டே இருந்தது. இடையில் ஒரு தலைமுறை கை விட்டிருந்தால், அவ்வேலை எத்தனை மடங்கு கடினமாகியிருக்கும் என்பதைத் தொழில் தெரிந்தோர் அறிவர்.

இம்மலையிலேயே இதற்கு மற்றொரு சான்று உண்டு. மாதேசுவரனின் நெடுங்கதையைக் கம்சாளே என்னும் தாளத்தைத் தட்டிப் பாடும் அடியார்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருந்து வருகின்றனர். அச்சில் ஏறுவதற்கு நெடுங்காலம் முன்னரே, எழுத்தறியாத நாவுகளில் அக்கதை முழுமையாக வாழ்ந்தது. தந்தை பாடினார், மகன் உடன் தாளம் தட்டினான், அதனால் நிலைத்தது. நம் புகைவண்டித் தொழிலாளருக்கு அத்தகைய பாடகர் யாரும் இல்லை. அவர்தம் அறிவு உடன் அமர்ந்து வேலை செய்யும் ஒரு சிறுவனிடமே செல்லும். வேலையே இல்லாது போன பிறகு, உடன் அமர்வதற்கு ஒரு காரணம் வேண்டும். அக்காரணத்தைக் கட்டைகள் தருகின்றன என்பதே நான் கூற வந்தது.

பெரியவர் ஒருவரை அழைத்து நாற்காலியில் அமர்த்தி, "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்றால், "என்ன பெரிய அனுபவம்!" என்று சிரித்து விடுவார். அவர் கையில் அரைகுறையாகக் கட்டிய எஞ்சினைக் கொடுத்தால், இல்லாத உறுப்பை அவர் கண் தேடும். தேடியதும் வாய் பேசும். குறையுள்ள மாதிரியே நல்ல மாதிரி என்று சொல்லத் தோன்றுகின்றது.

எனவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். வாரம் ஒரு நாள், நம் நூலக அறையின் ஒரு மேசையை இப்பணிக்கு ஒதுக்க வேண்டும். ஆண்டுக்கு ஓர் எஞ்சின் போதும். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பெரியவர் குழந்தைகளோடு அமர வேண்டும். அவர் சொல்வதைக் குழந்தைகள் தமிழில் எழுத வேண்டும். அடுத்து மைசூர் இரயில் அருங்காட்சியகத்தில் நிற்கும் பழைய எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 1979 முதல் அது நம் ஊரிலேயே, நிலையத்திற்கு அருகிலேயே இருக்கின்றது. சாண் போட்டு அளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை.

கட்டைகள் விலை மிகுந்தவை என்று சிலர் கூறுவர், உண்மைதான். ஒரு வீட்டால் வாங்க இயலாததைப் பன்னிரண்டு வீடுகள் சேர்ந்து வாங்கலாம். வளர்ந்த பிள்ளைகள் கைவிட்ட கட்டைகள் பரண்களில் கிடக்கின்றன. எங்கள் எஞ்சினின் ஆயிரத்துச் சொச்சம் கட்டைகளில் பாதிக்கு மேல் அவ்வாறு வந்தவையே. ஓர் எஞ்சினைப் பிரித்தால் அதே கட்டைகள் அடுத்த எஞ்சின் ஆகும். விளையாட்டுக்குச் சங்கப் பணமா என்று வேறு சிலர் கேட்கலாம். நால்வர் தமிழ் எழுதக் கற்றனர் என்பதையே அவர்களுக்கு விடையாகச் சொல்வேன். தமிழ்ச் சங்கம் வேறு எதற்காக இருக்கின்றது?

இக்கூட்டத்தில் இம்மலையில் கடை வைத்தும் கூலி வேலை செய்தும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களும் வந்திருக்கின்றன. உங்கள் பிள்ளைகளில் சிலர் புகைவண்டியையே கண்டதில்லை என்று அறிந்தேன். பேச்சு முடிந்ததும் அவர்கள் முதலில் இம்மேசைக்கு வரட்டும். எஞ்சினைத் தொடலாம், பிரிக்கலாம், திரும்பப் பூட்டலாம். பூட்டும் முறையை எங்கள் குழந்தைகள் சொல்லித் தருவர்.